மீன் பெட்டிக்குள் ஒளி ஜோடிகள்

அந்தமானுக்குப் போகிறேன் என்றதும் ஆய்வகத்தில், அடுக்ககத்தில், காய்கறிக் கடையில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். பீச்சுக்கா? இல்லை, ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள் ஐந்து நாள் உட்காரப் போகிறேன் என்றால் யாரும் நம்பவில்லை. என் கணவர் மட்டும் நம்பினார். பதினெட்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறார், பாவம்.

நான் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சிலிக்கான் சிப்புக்குள் ஒளியை ஓடவிடுவது என் தொழில். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன சிப் அது. அதில் தலைமுடியைவிட மெல்லிய பாதைகளும் ஒரு குட்டி வளையமும் இருக்கும். லேசர் ஒளியை உள்ளே அனுப்பினால் அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றி வரும். அப்படிச் சுற்றும்போது எப்போதாவது லேசரின் இரண்டு ஒளித்துகள்கள் மறைந்து, அவற்றுக்குப் பதிலாக வேறு நிறத்தில் இரண்டு பிறக்கும். ஒரே கணத்தில் பிறந்த இரட்டையர். ஒன்றை இந்தக் கருவியிலும் மற்றதை அந்தக் கருவியிலும் பிடித்து, இரண்டும் வந்து சேர்ந்த நேரத்தைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்த்தால், திரையில் ஓர் இடத்தில் மட்டும் கோடு எழும்பி நிற்கும். அதை நாங்கள் பீக் என்போம். பீக் வந்தால் ஜோடி பிறக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் சாப்பாடு இறங்காது.

சிப்பைக் கைப்பையில் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி அந்தக் குட்டி டப்பாவைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "உள்ளே ஒன்றும் இல்லையே" என்று இந்தியில் சொன்னார். மூன்று வருட உழைப்பு அதில் இருந்தது. ஆமாம் சார் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

போர்ட் பிளேரில் இறங்கும்போது நல்ல மழை. இப்போது ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பலகைக்கு அடியில் நின்று கூப்பிட்ட ஆட்டோக்காரர்கள் பழைய பெயரைத்தான் சொன்னார்கள். டெலானிபூரில் விடுதி. மேட்டில் பாதி ஏறியதும் ஆட்டோ இருமி நின்றது. ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு ஒரு கையில் சிப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆட்டோவைத் தள்ளினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் என் கையைக் காட்டி, சாமி படமா என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன்.

தவமணி விடுதி வாசலில் குடையோடு நின்றிருந்தார். இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. போன வருடம் எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்து, ஒரு மாதம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் மேடம் என்பதை அவர் விடவே இல்லை. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். அந்த மலைநாட்டுத் தமிழில் இந்தியையும் கலந்து அவர் பேசும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"அறையைப் பாத்துறலாமா மேடம்? மத்லப், அதாவது, அது அறையா இருக்கிறப்பவே பாத்துறணும்."

பார்த்த பிறகுதான் புரிந்தது. இரண்டு வருடம் நடையாக நடந்து, பழைய கட்டடத்தின் கோடியில் ஓர் இருட்டறையை ஆய்வகத்துக்கென்று வாங்கியிருந்தார். அவருடைய மாணவர்களுக்காக அங்கே என் பரிசோதனையை அமைத்து, சிப்பையும் விட்டுவிட்டுப் போகத்தான் நான் வந்திருந்தேன். பாதி அறையில் அவருடைய மேஜை. மறு பாதியில் கூரை வரைக்கும் உடைந்த இரும்பு நாற்காலிகள். இடம் இல்லை என்று ஸ்டோர்காரர்கள் கொண்டுவந்து அடுக்கியவை. மீதிப் பாதியும் தங்களுக்கே வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அறைகளைப் பங்கிடும் குழுவுக்கு மண்டல் சார் தலைவர். வெள்ளிக்கிழமை நேரில் வருவேன், பரிசோதனை ஓடினால் அறை உங்களுக்கு, ஓடாவிட்டால் நாற்காலிகளுக்கு என்று சொல்லிவிட்டார். அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் எனக்குத் திரும்பும் விமானம்.

"நம்ம பெட்டி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"கப்பல் வரலையே மேடம்."

அந்தப் பெட்டிதான் சிக்கல். சிப்பும் ஒளித்துகளைப் பிடிக்கும் கருவிகளும் என்னோடு வந்துவிட்டன. லேசர் வெளிச்சத்தைத் தடுக்கும் வடிகட்டியும் வந்துவிட்டது. இரட்டையரை நிறம் பார்த்து ஆளுக்கொரு பாதையில் பிரித்து அனுப்பும் பெட்டி மட்டும் கனமாக இருக்கிறதே என்று முன்னாலேயே கப்பலில் போட்டிருந்தேன். மகா புத்திசாலித்தனம். கடல் சரியில்லை, கப்பல் சென்னையிலிருந்தே தாமதமாகத்தான் கிளம்பியது.

சென்னையில் ஒரு பொருள் நாளைக்கு வரும் என்றால் நமக்குக் கோபம் வருகிறது. இங்கே யாருக்கும் கோபம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அபர்டீன் பஜாரில் தோசை சாப்பிட்ட கடையில் தேங்காய்ச் சட்னி மட்டும் இருந்தது. தக்காளிச் சட்னி கேட்டேன். "தக்காளி கப்பல்ல இருக்கும்மா" என்றார் கடைக்காரர், ஏதோ பக்கத்து அறையில் இருக்கிறது என்பதுபோல. உருளைக்கிழங்கு முதல் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எல்லாமே கப்பலைப் பார்த்துத்தான் இருக்கிறது என்றார் தவமணி. அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். வராத பொருளுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். கையில் இருப்பதில் எது கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் என்று முதலில் பார்ப்பார்கள்.

"பிரிக்கிற பெட்டிதான இல்ல? நிறம் பாக்காம சும்மா ரெண்டா பிரிக்கிறது போதாதா?" என்று தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டார் தவமணி.

யோசித்துப் பார்த்தேன். போதும்தான். நிறம் பார்க்காமல் பிரித்தால் பாதி ஜோடிகள் ஒரே பக்கம் போய் வீணாகும். மீதிப் பாதி ஆளுக்கொரு பக்கம் போகும். பீக் சின்னதாக வரும், ஆனால் வரும்.

பஜாரிலேயே ரஃபீக் பாய் கடை. கீழக்கரைக் குடும்பம், இவர் பிறந்தது இங்கேதான். வீடுகளுக்கு இன்டர்நெட் கேபிள் இழுத்துக் கொடுக்கிறார். ஒளி ஓடும் கண்ணாடி இழையான ஃபைபரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் அவரிடம் டப்பா டப்பாவாக இருந்தது.

"எத்தன வீட்டுக்கும்மா?"

"ரெண்டு."

"ஷாதிபூர் பக்கமா? சிக்னல் எவ்ளோ வருது?"

"ஒரு நேரத்துக்கு ஒரு துகள்" என்றேன்.

ரஃபீக் பாய் என்னைப் பார்த்தார், தவமணியைப் பார்த்தார். "அரே தவமணி, மேடத்துக்கு மெயின்லேண்ட்லேயே கனெக்‌ஷன் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல ஸ்பிளிட்டராகத் தேடி எடுத்து, முனைகளைத் தன் சட்டையில் துடைக்கப் போனார். நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை முழுக்க அறையில்தான் கழிந்தது. வெளியே நல்ல வெயில், எட்டும் தூரத்தில் கடல். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் சிப்பின் விளிம்பில் ஃபைபரைப் பொருத்திக்கொண்டிருந்தோம். தலைமுடி அளவு கண்ணாடி இழையை, அதைவிட மெல்லிய பாதையின் வாசலில் நிறுத்த வேண்டும். மூச்சு விட்டால் நகரும். நடுநடுவே மின்சாரம் ஏறி இறங்கியது. ஏ.சி. நின்று நின்று ஓடியது. நாலரை மணிக்குத் தேநீர் குடிக்க வெளியே வந்தால் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. சென்னையில் அந்த நேரத்துக்கு வெயில் முதுகை எரிக்கும். இந்தத் தீவுகள் இருப்பது கிழக்கே எங்கேயோ, கடிகாரம் மட்டும் நம்முடையது. காலை ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்து ஆளை எழுப்பிவிடுகிறது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு பீக் வந்தது.

வந்தது என்றால் சாதாரணமாக இல்லை. திரையின் நடுவில் கொஞ்சம் தள்ளி, தென்னை மரம்போல ஓங்கி நின்றது. பாதி ஜோடிகள்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவள் நான். எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு உயரம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி எல்லோரிடமும் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே மண்டல் சாருக்குப் போன் போட்டார். "சார், ஆ கயா" என்று அவர் சொன்னது எனக்கே புரிந்தது. வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு ஷாதிபூரில் அவர் வீட்டில். நண்டுக் குழம்பு, சூரை மீன் வறுவல், கூடவே பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பம் கொடுத்தனுப்பிய கடுகு அரைத்த மீன். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. கிளம்பும்போது வழக்கம்போல லேசரை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கம்ப்யூட்டரை நிறுத்த மறந்துவிட்டேன்.

இரண்டரை மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தோம். பீக் இன்னும் உயர்ந்திருந்தது.

லேசர் அணைந்திருக்கிறது. ஜோடிகள் பிறக்க வழியே இல்லை. ஆனால் பீக் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சந்தேகத்துக்குச் சிப்பின் ஃபைபரையே கழற்றினேன். அப்போதும் வளர்ந்தது.

விஷயம் இதுதான். ஒளித்துகளைப் பிடிக்கும் கருவி, சும்மா இருக்கும்போதும் அவ்வப்போது ஏதோ வந்துவிட்டதாக நினைத்துத் துடிக்கும். துடிக்கும்போது தானும் ஒரு சின்ன வெளிச்சத்தைக் கக்கும். அந்த வெளிச்சம் வந்த வழியே பின்னால் போய், வடிகட்டியில் முட்டித் திரும்பி, ஸ்பிளிட்டர் வழியாக இரண்டாவது கருவிக்குள் விழும். கொஞ்சம் தாமதித்து அதுவும் துடிக்கும்; பீக் நடுவில் நிற்காமல் தள்ளி நின்றது அதனால்தான். எங்கள் பெட்டி இருந்திருந்தால் நிறம் சரியில்லை என்று பாதியிலேயே தடுத்திருக்கும். ரஃபீக் பாயின் ஸ்பிளிட்டர் பாரபட்சம் பார்க்காது, எல்லாவற்றையும் விட்டுவிடும்.

தவமணிக்கு இதைச் சொன்னேன். "பக்கத்துல ஒருத்தர் கொட்டாவி விட்டா நமக்கும் வருமே, அது மாதிரி. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வந்ததுங்கறதால ரெட்டைப் பிள்ளைங்க ஆகிடாது."

அவர் நாற்காலிக் குவியலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சாருக்கு அது தெரியப் போகுதா மேடம்? எழும்பி நிக்குதே, அது போதாதா?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. நாளைக்கு மதியம் நான் விமானத்தில் இருப்பேன். பிறகு கப்பல் வரும், பெட்டி வரும், நிஜமான பீக்கும் வரும். நடுவில் நாலு நாளைக்கு ஒரு பொய். அறை பிழைத்துவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தவமணியே எழுந்து திரையை அணைத்தார். "பசங்க வந்தா மொத நாளே லேசரை அணைச்சுப் பாப்பானுங்க. அதுதான அவனுங்க வேலையே. அன்னைக்கு நான் என்னன்னு சொல்றது? டீக் ஹை, சரி, விடுங்க. நிஜ ஜோடி ஏன் வரலைன்னு பாப்போம்."

அதுதான் சரியான கேள்வி. பொய் ஒன்று நிற்கிறது, சரி. அதற்குப் பக்கத்தில் சின்னதாக நிஜமும் தெரிய வேண்டுமே, அது எங்கே? அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தோம். ஏ.சி.தான். அந்தக் குட்டி வளையம் பொல்லாதது. அறையின் சூடு ஒரு டிகிரி மாறினாலும் தனக்குப் பிடித்த நிறத்தை மாற்றிக்கொள்ளும், லேசரை உள்ளே சேர்க்காது. எங்கள் ஏ.சி. நின்று நின்று ஓடியதில் லேசர் நாள் முழுக்க வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறது. ஏ.சி.யை நிறுத்தினால், திறந்து மூடும் கதவுக் காற்றே போதும், சூடு ஆடும். எங்கள் ஊரில் இதற்கென்றே கனமான மூடி உண்டு. இங்கே?

"காலைல அஞ்சரைக்கு வந்துருங்க" என்றார் தவமணி.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு நல்ல வெளிச்சம். தவமணி ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார். அவர் தெருவில் மீன் விற்கும் தெலுங்கு அம்மாவுடையது. ஐஸ் உருகாமல் மீனை வைக்கும் பெட்டி. மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியதாகச் சத்தியம் செய்தார். இருக்கலாம். மூடியைத் திறந்ததும் வங்காள விரிகுடா மொத்தமும் அறைக்குள் வந்தது. பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டு ஃபைபரை நுழைத்து, சிப்பின் மேல் அப்படியே கவிழ்த்தோம்.

ஏழரை மணிக்கு வளையத்தின் சூடு நிலைத்தது. லேசரின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அதற்குப் பிடித்த இடத்தில் நிறுத்தினோம். ஒன்பது மணிக்கு எண்ணத் தொடங்கினோம். பெரிய பொய் பத்து நிமிடத்தில் வந்து நின்றுவிட்டது. ஒன்பதே முக்காலுக்கு, அதற்கு இடது பக்கம், ஒரு சின்ன மேடு தெரிந்தது. மேடுதான். கொசு கடித்த தடிப்பு மாதிரி.

"இது நிஜமா மேடம்?"

தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி, லேசரை அணைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணிப் பார்ப்பது. லேசர் இல்லாதபோது மேடும் இல்லாமல் போனால் அது நிஜம். அதற்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். மண்டல் சார் பத்தரைக்கு வருகிறார். என் ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு அரைகுறையாக ஒரு வேலையை விட்டுவிட்டு வந்ததில்லை. தவமணி என் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, வழியில் சாப்பிட என்று ஒரு பொட்டலத்தையும் மடியில் வைத்தார். "போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

விமான நிலையத்தில் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட மனம் வரவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம். பதினொன்றே முக்காலுக்கு விமானத்துக்கான வரிசையில் நிற்கும்போது போன் வந்தது.

"மேடம், சார் வந்தாரு. உள்ள வந்ததுமே பெட்டிய மோந்து பாத்துட்டு, இதுல சூரைதான இருந்துச்சுன்னு கேட்டாரு."

"தவமணி, பீக்."

"சொல்றேன். நான் மொதல்லயே சொல்லிட்டேன். சார், பெருசா நிக்கிறது பொய், நேத்து நான் போன்ல சொன்னதும் பொய். சின்னது நிஜமான்னு எனக்கே தெரியாது. நீங்களே லேசரை அணைங்க, ரெண்டு பேரும் பாப்போம்னு."

சோதித்துப் பார்க்காமல், அறையைத் தூக்கி அப்படியே அந்த மேட்டின் மேல் பணயம் வைத்துவிட்டார். "அணைச்சாரா?"

"அணைச்சாரு. பழைய கணக்கத் துடைச்சிட்டு மறுபடி எண்ண விட்டோம். அந்த ஒடஞ்ச நாற்காலில முக்கால் மணி நேரம் அசையாம உக்காந்திருந்தாரு மேடம். பெருசு மறுபடியும் வந்துருச்சு."

"சின்னது?"

"போச்சு."

"போச்சா?"

"போச்சு மேடம். சுத்தமா போச்சு. தரையோட தரையா கெடந்துச்சு. அப்புறம் லேசரைப் போட்டோம். இப்ப திரும்பி எந்திரிக்குது."

"போச்சா, நிஜமாவே போச்சா" என்று நான் வரிசையில் நின்றபடி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முன்னால் நின்றிருந்த பெரியவர் திரும்பி, "மனச விட்டுறாதம்மா" என்று என் தோளைத் தட்டினார். அவரிடம் விளக்க நேரமில்லை. வரிசை நகர்ந்தது.

"அறை என்னாச்சு?"

தவமணி போனை எங்கேயோ நீட்டிப் பிடித்தார் போலிருக்கிறது. சிமெண்டுத் தரையில் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. இந்தியில் யாரோ அந்தப் பக்கம் தூக்கு என்றார்கள். ஸ்டோர்காரர்கள் நாற்காலிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதா மேடம்?"

"கேக்குது" என்றேன். "மெதுவா தூக்கச் சொல்லுங்க தவமணி. பெட்டி ஆடிடப் போகுது."